நிலத்தடிக் குழாய்களைக் கண்டறிவதில் தரை ஊடுருவும் ரேடார்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2004 சூலை 30 அன்று பெல்ஜியத்தின் கிலாங்கியன் என்னுமிடத்தில் உயரழுத்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் உயிரிழந்தனர். அதற்குமுன் நடந்த கட்டுமான வேலையில் அக்குழாய் சேதமுற்றிருந்தது. மண்ணுக்கடியில் எது, எங்கே, எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைத் துல்லியமாக அறிவது உயிர்காக்கும் தேவை என்பதை இத்தகைய விபத்துகள் உணர்த்துகின்றன. தோண்டாமலே அதனை அறிய உதவும் தரை ஊடுருவும் ரேடாரின் வரலாற்றையும், அது தரும் தகவலின் உறுதிப்பாடு வரையறுக்கப்பட்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

1904இல் கிறிஸ்டியன் ஹியூல்ஸ்மேயர் வானொலி அலைகளால் கப்பல்களைக் கண்டறியும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1910இல் லைம்பாக், லோவி ஆகிய இருவரும் புதைபொருள்களை அவ்வலைகளால் கண்டறியும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1929இல் டபிள்யூ. ஸ்டெர்ன் ஆஸ்திரியப் பனியாறு ஒன்றின் ஆழத்தை இம்முறையில் அளந்தார். அடர்ந்த பனிப்பரப்பின்மேல் பறந்த வானூர்திகளின் ரேடார் உயரமானிகள் தவறான உயரத்தைக் காட்டியமை பின்னர் ஆராயப்பட்டது. அலைகள் பனியை ஊடுருவி அடிப்பாறையில் எதிரொலித்ததே அதற்குக் காரணம். ஒரு கருவியின் பிழை இவ்வாறு மற்றொரு கருவிக்கு வழிகாட்டியது. 1972இல் அப்பல்லோ 17 நிலவின் உட்பகுதியை ஆராயவும் இத்தகைய அலைகளைப் பயன்படுத்தியது.

நெகிழிக் குழாய்களின் வருகை

நகரங்களில் இரும்புக் குழாய்களையும் புதைவடங்களையும் கண்டறிய மின்காந்த முறையே போதுமானதாக இருந்தது. உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதனைச் சூழும் காந்தப்புலத்தை மேற்பரப்பில் உணர்வது அம்முறை. 1960, 1970களில் எரிவாயு வழங்கலில் பாலிஎத்திலீன் குழாய்கள் பரவின. இவை துருப்பிடிப்பதில்லை, ஆயின் மின்னோட்டத்தைக் கடத்துவதுமில்லை. எனவே பழைய கருவிகளுக்கு அவை புலப்படவில்லை. ரேடாரோ உலோகத்தை மட்டும் தேடுவதன்று. மண்ணிலிருந்து மின்பண்பில் வேறுபடும் எதனையும் அது உணரவல்லது. நெகிழியின் பரவலே ரேடாரை நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்த முதன்மைக் காரணங்களுள் ஒன்று எனலாம்.

மண்ணும் அளவீடும்

குழாயின் குறுக்கே கருவியை நகர்த்தும்போது அதன் எதிரொலி அதிபரவளைய வடிவில் பதிவாகிறது. அலை சென்று மீளும் காலத்திலிருந்து ஆழம் கணிக்கப்படுகிறது. ஒப்புமை விடுதிறன் 9 உடைய மண்ணில் அலையின் வேகம் நானோவினாடிக்கு 0.1 மீட்டர், 20 நானோவினாடியில் மீளும் எதிரொலி 1 மீட்டர் ஆழத்தைக் குறிக்கும். மழைக்குப்பின் ஈரம் மிகுந்து விடுதிறன் 18 ஆயின், அதே காலம் ஏறத்தாழ 0.7 மீட்டரையே குறிக்கும். தோண்டும் இயந்திரத்திற்கு இந்த 30 செ.மீ. வேறுபாடு பேரிடருக்குப் போதுமானது. அதிபரவளையத்தின் வளைவிலிருந்து அலையின் வேகத்தை மதிப்பிட்டு இப்பிழையைக் குறைக்கலாம். ஆயின் களிமண்ணிலும் உவர்நீர் ஊறிய மண்ணிலும் அலை விரைவில் வலுவிழக்கிறது. ஈரமான கரிசல் நிலத்திலும் கடலோர உவர்மண்ணிலும் ஆய்வு செய்வோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். குறைந்த அதிர்வெண் ஆழம் செல்லும். ஆயின் சிறு குழாய்களைப் பிரித்துக் காட்டாது.

உறுதிப்பாட்டின் படிநிலைகள்

இவ்வரம்புகளை ஏற்றுக்கொண்டே நெறிமுறைகள் உருவாயின. அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கத்தின் 38-02 தரநிலை தகவல்களை நான்கு நிலைகளாகப் பகுத்தது. ஆவணங்களை மட்டும் சார்ந்தது 'டி'. மேற்பரப்பில் காணும் மூடிகள், வால்வுகளோடு ஒப்பிட்டது 'சி'. ரேடார் முதலிய கருவிகளால் கண்டறிந்தது 'பி'. குழியிட்டு நேரில் கண்டு அளந்தது 'ஏ'. பிரிட்டனில் 2014இல் வெளிவந்த பாஸ் 128 ஆவணமும் இத்தகைய படிநிலையைக் கொண்டது. மிகச் சிறந்த ரேடார் பதிவும் இங்கு இரண்டாம் நிலையையே பெறுகிறது என்பது கருதத்தக்கது.

இந்தியாவில் 2023 மார்ச் 22இல் தொடங்கப்பட்ட 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி, தோண்டுவோரையும் குழாய்களின் உரிமையாளர்களையும் இணைக்கிறது. இது கண்டறியும் கருவியன்று. தகவல் தொடர்புக்கான ஏற்பாடு. அதன் பயன், உரிமையாளரிடம் உள்ள வரைபடம் எந்த உறுதிநிலையைச் சார்ந்தது என்பதைப் பொறுத்தது.

முடிவுரை

பனியாற்றில் தொடங்கிய ரேடார், நெகிழிக் குழாய்களின் வருகையால் நகரத்திற்கு இன்றியமையாததாயிற்று. எனினும் அது காட்டுவது எதிரொலியை. அதனைக் குழாய் என்று தீர்மானிப்பது மனித அறிவு. எனவே நிலத்தடி வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டுடனும் அது அறியப்பட்ட முறையையும் குறித்தல் வேண்டும். அக்குறிப்பில்லாத வரைபடம், வெற்று ஊகத்தையும் நேரில் கண்டதையும் ஒன்றெனக் காட்டித் தோண்டுவோரை இடருக்கு உள்ளாக்கும்.