நோயாளியின் பேரேடு - சாமனப்பள்ளி முதல் எஸ்தோனியா வரை ஒரு பார்வை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதனை, வீட்டிலேயே மாத்திரை. எல்லோரும் மாத்திரையைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் மாத்திரையோடு இன்னொன்றும் வீடு வீடாகப் போனது. அதுதான் பதிவு. யாருக்கு என்ன நோய், அளவு எவ்வளவு என்பதெல்லாம் நோட்டிலிருந்து மொபைலுக்கு ஏறியது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனிக்க 2008-லேயே 'பிக்மி' என்ற கணினிப் பதிவு வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஓ.பி. சீட்டுதான். சீட்டு தொலைந்தால் நோயின் வரலாறும் தொலைந்தது! கணினி வந்த பிறகு கேள்வி மாறியது. பதிவை யாராவது திருத்தினால் எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் மருத்துவர்கள் அல்ல. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் கைரேகை மாதிரி ஒரு எண் (ஹாஷ்) கணக்கிட வேண்டும். அடுத்த ஆவணத்தின் கணக்கில் முந்தையதன் எண்ணையும் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்ணும் மாறிவிடும். பின்னாளில் அவர்களுடைய நிறுவனம் இந்த எண்ணை வாரா வாரம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் விளம்பரமாகவே போட்டது. அச்சான பேப்பரை யாரால் திருத்த முடியும்? 2008-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை இவர்களுடைய வேலையைத்தான் அடித்தளமாகக் கொண்டது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழைய சங்கதி. பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. திருத்தப் பதிவு போட வேண்டும். பிளாக்செயினும் அதே ஒழுக்கம்தான். ஒரே வித்தியாசம், பேரேட்டின் நகல் ஒரு கணக்காளரிடம் இல்லாமல் பலரிடம் இருக்கும்.

மருத்துவத்தில் இதை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்த நாடு எஸ்தோனியா. மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். 2007-ல் நடந்த இணையத் தாக்குதலில் அங்கே வங்கிகளும் அரசுத் தளங்களும் முடங்கின. அந்த அடிதான் பாடம். 2016-ல் கார்ட்டைம் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பாதுகாக்க ஒப்பந்தம் ஆனது. (அதை உண்மையான பிளாக்செயின் என்று சொல்லலாமா என்ற சண்டை தனி.) அங்கே நோயாளியின் விவரம் சங்கிலிக்குள் போவதில்லை, ஹாஷ் மட்டும்தான் போகிறது. தன் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்று நோயாளியே பார்க்கலாம்.

நம் நாட்டு அனுபவம் வேறு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கின. பல நாட்கள் எல்லாம் கையால்தான் எழுதப்பட்டன. 2023 ஜூனில் தடுப்பூசி போட்டவர்களின் விவரங்களை டெலிகிராம் பாட் ஒன்று கொட்டியது. கோவின் தளம் பத்திரமாக இருக்கிறது என்று மத்திய அரசு சொன்னது. உண்மையைச் சொன்னால், பதிவைத் திருத்தினால் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் சங்கிலி இந்த இரண்டையும் தடுத்திருக்காது. பூட்டிவிட்டுப் பணம் கேட்பவனையும், ரகசியமாகப் படிப்பவனையும் அது நிறுத்தாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

ஓசூருக்கு வருவோம். இங்கே பெரிய வியாதி என்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போவது வழக்கம். மாத்திரை தமிழ்நாட்டுப் பதிவில், ஆபரேஷன் கர்நாடக ஆஸ்பத்திரிப் பதிவில். இரண்டையும் இணைக்கத்தான் 2021 செப்டம்பர் 27-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்க வந்தது. அதற்கு 14 இலக்க 'ஆபா' எண். நோயாளி சம்மதித்தால்தான் விவரம் கை மாறும். இது பிளாக்செயின் இல்லை. பதிவு அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஊர் இது. ஒரே ஆளின் பெயரை மூன்று கவுண்டரில் மூன்று விதமாக எழுதுவார்கள். அழிக்க முடியாத சங்கிலியில் தப்பான பெயரும் அழியாமல் நிற்கும். அடுத்தவருடைய ரத்த வகை உங்கள் பெயரில் ஏறினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. இந்த உரிமையும் அழியாத பேரேடும் முட்டிக்கொள்ளாமல் இருக்க எஸ்தோனியா வழிதான் தோது: விவரம் வெளியே, ஹாஷ் மட்டும் உள்ளே.

தமிழ்நாடு 2020-லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. பிறகு 'நம்பிக்கை இணையம்' என்ற அடித்தளத்தையும் கட்டியது. அதில் முதலில் பேசப்பட்டவை அரசுச் சான்றிதழ்கள். மார்க் ஷீட்டில் போலி இருக்கிறதா என்று பார்ப்பது, ஒருவருடைய வியாதியைப் பத்திரப்படுத்துவதை விட எவ்வளவோ சுலபம்.