மன்னார்க் கடற்கன்னிகளை அறுத்துப் பார்த்த வைத்தியர்

1560ஆம் ஆண்டில் மன்னார்க் கடலிலே மீனவர் விரித்த வலையில் ஏழு கடல் மனிதர் அகப்பட்டனராம். அவர்களுள் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் திமாஸ் பொஸ்கே அவ்வுடல்களை அறுத்து ஆராய்ந்தார். உள்ளும் புறமும் மனிதருடைய அமைப்பையே அவை ஒத்திருந்தன என்பது அவர் கண்ட முடிபு. இயேசு சபைக் குருமார் சிலர் சாட்சிகளாக இருந்தனர். தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியென நாம் போற்றும் அன்றிக்கே அடிகளாரின் பெயரும் அச்சாட்சிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

இச்செய்தி இயேசு சபையாரின் வரலாற்றுக் குறிப்புகளில் இடம்பெற்றது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய சேர் எமர்சன் ரெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை விலங்கியல் நூலில் இதை எடுத்தெழுதி, அக்கடல் மனிதர் கடற்பசுக்களே என்று விளக்கினார். அதன்பின் இதைப் படித்தவர்கள் பலரும் சிரித்துவிட்டு அப்பால் சென்றனர். நான் சிரிக்க விரும்பவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் தம் மகனைப் பற்றி முறையிட்டார். புங்குடுதீவின் இறுப்பிட்டியில் வேர்கொண்ட எங்கள் குடும்பத்தின் மூன்றாந் தலைமுறைப் பிள்ளை அவன். போக்கிமொன் என்னும் விளையாட்டில் வரும் விலங்குகள் எதைத் தின்னும், எப்படி மூச்சுவிடும், எத்தனை முட்டையிடும் என்று கொப்பி கொப்பியாக எழுதுகிறானாம். பையன் தொலைபேசியைப் பறித்து என்னிடமே கேட்டான்: "அப்பையா, வாலில நெருப்பு எரியிற விலங்கு ஒண்டு இருக்கு. மழை பெய்தா அது என்ன செய்யும்?"

நல்ல கேள்வி. அந்த விளையாட்டு 1996இல் யப்பானில் வெளிவந்தபோது அதில் 151 விலங்குகள் இருந்தன. இன்று அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் உயரம், எடை, இயல்பு பற்றிய குறிப்பு உண்டு. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் தோக்கியோவின் புறநகரில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். வீடுகளும் வீதிகளும் பெருகி, பூச்சிகள் வாழ்ந்த குளங்களும் வயல்களும் மறைந்த பின்னர், அந்த மகிழ்ச்சியை அடுத்த தலைமுறைக்குத் தரவே விளையாட்டை ஆக்கினார். கற்பனை விலங்கின் அடியில் ஓர் உண்மை விலங்கு ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதுவே போதிய சான்று.

தீவகத்தில் பிறந்தவருக்கு இது புதிதன்று. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் செல்வோர், பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் அறிவர். அம்மனுக்குப் பூவேந்திக் கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் தாக்க முற்பட்ட கதை அக்கற்களோடு பிணைந்தது. கதை தெய்வீகமானது, ஆயினும் அதனுள் இருக்கும் விலங்கியல் பிழையற்றது. நாகம் நன்கு நீந்தும். நாம் கருடன் என வழங்கும் செம்பருந்து கடலோரத்தில் வட்டமிட்டு மீனையும் பாம்பையும் கவரும். கரையில் நின்று கடலைப் பார்த்த கண்களே அந்தக் கதைக்கு உடல் கொடுத்தன.

இனி வைத்தியர் பொஸ்கேயிடம் வருவோம். அவர் ஏமாளியல்லர். கார்சியா த ஒர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட புகழ்பெற்ற மூலிகை நூலுக்கு முகவுரை எழுதியவர் அவர். மனித உடலை அறுத்துக் கண்டதையே எழுத வேண்டும் என்று வெசாலியஸ் 1543இல் நூல் வெளியிட்டுப் பதினேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து மன்னாரைக் கைப்பற்றியதும் அதே 1560இல்தான். போருக்கும் மதமாற்றத்துக்கும் நடுவே ஒருவர் கத்தியை எடுத்து, கதையை நம்பாமல் உடலைத் திறந்து பார்த்தார்.

வலையில் அகப்பட்டவை கடற்பசுக்களாயின் அவர் எவற்றைக் கண்டிருப்பார்? செவுள் இல்லை, நுரையீரல் உண்டு. குளிர்ந்த குருதி இல்லை. சூடான குருதி உண்டு. பெண்ணுடலில் கருப்பை உண்டு. பால் சுரக்கும் முலைகள் பசுவைப்போல் வயிற்றின் பின்புறத்தில் இல்லாமல், முன்துடுப்புகளின் அடியில், அக்குளை ஒட்டி, இரண்டாக அமைந்திருக்கும். துடுப்பின் தோலை உரித்தால் உள்ளே ஐந்து விரல்களின் எலும்புகள். மீனென்று எண்ணிக் கத்தி வைத்த எவருடைய கையும் அந்த இடத்தில் நின்றிருக்கும்.

அவர் கண்டவை பிழையாக இருந்திருக்க வேண்டியதில்லை. கண்டதை வைப்பதற்கு அவரிடம் இரண்டே பெட்டிகள் இருந்தன: மீன், மனிதன். திமிங்கிலத்தையும் மீனென்றே கருதிய காலம் அது. பாலூட்டிகள் என்ற வகுப்பை அமைத்துத் திமிங்கிலத்தை அதில் லினேயஸ் சேர்த்தது 1758இல். மன்னார்ச் சம்பவத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னர். மூன்றாவது பெட்டி இல்லாதவர், மீனல்லாததை மனிதன் என்றார். 1811இல் இவ்விலங்குக் கூட்டத்துக்கு அறிவியல் சூட்டிய 'சிரேனியா' என்ற பெயரும் கிரேக்கரின் கடல் மோகினியரிடமிருந்து வந்ததே. கதை இன்றுவரை பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரொறன்ரோப் பையனுடைய முறையை நாமும் கையாண்டு பார்க்கலாம். கடற்கன்னி ஒருத்தி மெய்யாகவே வாழ வேண்டுமாயின் அவளுடல் எப்படி அமைய வேண்டும்?

முதலில் வால். மீன் தன் வாலை இடமும் வலமும் அசைக்கும். முதுகெலும்பை முன்னும் பின்னும் வளைக்கும் பாலூட்டியோ வாலை மேலும் கீழும் அடிக்கும். ஆகவே அவளுக்கு மீன்வால் உதவாது. கிடையாக விரிந்த வாலே பொருந்தும். அடுத்தது சூடு. நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். மெல்லிடை தாங்காது, தடித்த தோலும் கொழுப்பும் பருத்த உடலும் வேண்டும். நீண்ட கூந்தல் நீரில் தடை. அது போக வேண்டும். நுரையீரல் நிறையக் காற்றோடு அடியில் மேய்வதற்கு உடலைத் தாழ்த்தும் பாரம் தேவை. எனவே எலும்புகள் கனத்துத் தடிக்க வேண்டும். ஆழமற்ற கடலில் ஓடிப் பிடிக்காமல் கிடைக்கும் உணவு கடற்புல். அதைச் செரிக்க நெடுங்குடல் வேண்டும். சில நிமிடங்களுக்கொரு முறை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒழுங்காக எழுதி முடித்துப் பார்த்தால், கண்ணாடியும் சீப்பும் ஏந்திய அழகி மறைந்துவிடுகிறாள். ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமும் நானூறு கிலோ எடையும் கொண்டு, நாளொன்றுக்கு நாற்பது கிலோ வரையில் கடற்புல் மேயும் கடற்பசு நம்முன் நிற்கிறது. பாக்குநீரிணையின் இந்தியக் கரையில் அதனை ஆவுளியா என்பர். சிங்கள மக்கள் கடற்பன்றி என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். ஆயினும் உறவுமுறையில் அது பசுவுமன்று, பன்றியுமன்று. தரையில் அதற்கு நெருங்கிய உறவு யானை. வளர்ந்த ஆணுக்குத் தந்தமும் உண்டு.

கடற்பசு மேயும் புல்லும் நமக்கு அந்நியமானதன்று. கடல் கரையில் ஒதுக்கும் சாதாழையை அள்ளித் தென்னைக்கும் தோட்டத்துக்கும் பசளையாக இட்டவர்கள் தீவக மக்கள். அந்தச் சாதாழையோடு அள்ளுண்டு வரும் கடற்புல் வளரும் தரைதான் கடற்பசுவின் மேய்ச்சல் நிலம். அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவைமடிகளால் அந்நிலம் சிதைகிறது. வலையில் சிக்கி மூச்சுக்கு மேலே வர இயலாமல் இறப்பவையும், இறைச்சிக்காகக் கொல்லப்பட்டவையும் பல. எழுபது ஆண்டுவரை வாழக்கூடிய இவ்விலங்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து, ஒரே ஒரு கன்றை ஈனும். இழப்பை ஈடுசெய்ய அதனால் இயலாது. தமிழக அரசு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது நல்ல தொடக்கம். அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, சீனக் கடலில் இவ்வினம் நடைமுறையில் அற்றுப்போயிற்று என்று கூறியது.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. கடற்பசுவின் பேருருவான உறவொன்றை வடபசுபிக் தீவொன்றில் ஸ்ரெல்லர் என்ற ஜெர்மானிய இயற்கையறிஞர் 1741இல் கண்டு, அறுத்து, அளந்து எழுதினார். ஏறத்தாழ எட்டு மீற்றர் நீளமான அது இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு 1768க்குள் பூண்டற்றது. கண்டறிந்து இருபத்தேழு ஆண்டுகளில் உலகை விட்டே போயிற்று. இன்று அது எப்படி நீந்தியது, எப்படிக் கன்றைக் காத்தது என்பதை அவருடைய குறிப்புகளையும் எஞ்சிய எலும்புகளையும் கொண்டு ஊகித்தே அறிய வேண்டும். மெய்யான விலங்கொன்று கற்பனை விலங்காக மாறுவது இவ்வாறுதான்.

ஆகவே உறவினருக்கு நான் சொன்னது இதுதான்: பிள்ளை எழுதட்டும். நெருப்புவால் விலங்குக்கு மழை ஒதுங்க இடம் தேடுகிறவன், ஒருநாள் வலையில் சிக்கிய விலங்குக்கு மூச்சுவிட எவ்வளவு நேரம் உண்டு என்றும் கேட்பான். அவனுடைய ஆயிரம் பெயர்களோடு ஆவுளியா என்ற பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

தீவகத்திலிருந்து சிதறி உலகெங்கும் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பதைக் கடந்தவர் எவரேனும் இருப்பின், கடற்பசுவைக் கண்டதுண்டா, எந்தக் கரையில், என்ன பெயரிட்டு அழைத்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எலும்பை அளக்க அறிஞர்கள் வருவார்கள். அதைக் கடலில் உயிரோடு கண்டவர்களின் சொல் அவர்களோடே போய்விடும்.