கடிதத்தாளும் கௌரவமும்

கடை திறக்கும் முன்பே லெட்டர் பேப்பர் அச்சடித்துவிட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சரக்கு வந்து சேரவில்லை. வாடகைக்கு இடம்கூடப் பேசி முடியவில்லை. ஆனால் வழவழப்பான தாளில் கம்பெனியின் பெயர் மூன்று வர்ணங்களில் கோபுரம்போல் உயர்ந்து நின்றது. அதற்குக் கீழே ஏழெட்டு வரி எழுதலாம், அவ்வளவுதான்.

"எழுத இடம் எங்கே?" என்றேன்.

"பார்க்கிறவன் மலைத்துப் போக வேண்டாமா, ஸார்?" என்றார்.

மலைக்க வைக்கும் இந்த ஆசை என் நண்பருக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுந்த ஆலைகளின் கடிதத்தாள்களைப் பார்த்தால் தெரியும். தாளின் உச்சியில் ஆலையின் சித்திரம். புகைபோக்கிகள் எல்லாம் புகை கக்கும். பொருட்காட்சிகளில் வாங்கிய பதக்கங்கள் வரிசையாக நிற்கும். சித்திரத்திலுள்ள ஆலை நிஜ ஆலையைவிடப் பெரிதாக இருப்பதும் உண்டு. இன்று நாம் புகையைக் கண்டு முகம் சுளிக்கிறோம். அன்று அதுவே செல்வத்தின் கொடி!

இந்த ஆடம்பரத்தைக் கலைத்த கதை ஜெர்மனியில் நடந்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் விதையே ஒரு கடிதத்தில்தான் இருந்தது. 1786-ல் லிக்டன்பெர்க் என்ற பௌதிகப் பேராசிரியர் தம் நண்பருக்கு எழுதினார்: பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாத தாள் எது என்று ஓர் ஆங்கில மாணவனுக்குக் கணக்குக் கொடுத்தாராம். விடை, அகலம் ஒன்று என்றால் நீளம் ஏறக்குறைய 1.414.

அந்தக் கணக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் தூங்கிற்று. ஆபீசுக்கு ஆபீசு தாளின் அளவு வேறு. ஆகவே உறையும் வேறு, கோப்பும் வேறு, அலமாரியும் வேறு. முதல் உலக யுத்தத்தில் நொடித்துப்போன நாட்டுக்கு இந்த விரயம் கட்டுப்படியாகுமா? வால்டர் போர்ஸ்ட்மான் என்பவர் வகுத்த அளவுகள் 1922-ல் ஜெர்மானியத் தர விதியாயின. ஒரு சதுர மீட்டர் தாளை நான்கு முறை பாதியாக்கினால் 210க்கு 297 மில்லிமீட்டர். நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் 'ஏ-4' என்று கேட்கிறோமே, அதுதான் இது! பெரிய தாளில் இவை பதினாறு. சதுர மீட்டர் 80 கிராம் எடையுள்ள தாளானால் ஒவ்வொன்றும் 5 கிராம். தபால் செலவைத் தராசு இல்லாமலே சொல்லிவிடலாம்.

அடுத்த ஆண்டு அந்த நாட்டில் பணம் காகிதமாயிற்று. மை காய்வதற்குள் நோட்டின் மதிப்புக் கரைந்த காலம் அது. தூரிங்கியா மாநிலத்துக்காகப் பத்து லட்சம் மார்க் நோட்டை வரைந்து கொடுத்தவர் ஹெர்பர்ட் பேயர் என்ற இளைஞர். பௌஹௌஸ் கலைப் பள்ளியின் மாணவர். வயது இருபத்து மூன்று. அந்தப் பள்ளி 1925-ல் டெஸ்ஸாவ் நகருக்குப் பெயர்ந்தபோது அதற்குக் கடிதத்தாள் வடிவமைத்தவரும் அவரே. சித்திரம் இல்லை, பதக்கம் இல்லை. ஏ-4 தாள், எளிய எழுத்து. அடியில் ஓர் அறிவிப்பு: நேரத்தை மிச்சப்படுத்த நாங்கள் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே எழுதுகிறோம் என்று.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே அறியாத தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன புரட்சி என்று தோன்றும். ஜெர்மன் மொழியிலோ பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இலக்கணம். இலக்கணத்தை உடைத்தவர்கள் எதை உடைக்கமாட்டார்கள் என்று சிலர் கொதித்தார்கள். பள்ளிக்குப் பகைவர்கள் ஏற்கெனவே பலர். 1932-ல் டெஸ்ஸாவ் நகரசபையில் நாஜிகளின் கை ஓங்கவே, பள்ளியை மூடினார்கள். பெர்லினில் மறுபடி திறந்ததும் 1933-ல் முடிந்தது. அதே ஆண்டு, புதிய அச்சுக்கலைக்கு 1928-ல் இலக்கணம் வகுத்த யான் சிஹோல்டும் கைதானார். கடிதத்தாளில் எது எங்கே இருக்க வேண்டும் என்று எழுதியவர் அவர்! விடுதலையானதும் ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

எளிமையின் பக்கம் தர்மமும் நின்றது என்று இங்கே கதையை முடிக்க ஆசைதான். சரித்திரம் விடுவதில்லை. நாஜி அரசின் காரியாலயங்களும் அதே ஏ-4 தாளில்தான் உத்தரவுகளைத் தட்டச்சு செய்தன. பேயர் 1938-ல் அமெரிக்கா போகும் வரை பெர்லினில் விளம்பர வேலை பார்த்தார். 1936-ல் அந்த அரசின் பொருட்காட்சிக்குக் கையேடும் வடிவமைத்தார். சிஹோல்டு 1946-ல், தாம் இளமையில் போட்ட கண்டிப்பான விதிகளிலும் அந்தச் சர்வாதிகாரத்தின் சாயல் இருந்ததென்று ஒப்புக்கொண்டார். தம்மைச் சிறையில் வைத்தவர்களின் சாயலைத் தம்மிடமே கண்டு சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

என் நண்பரின் கடை கடைசிவரை திறக்கவில்லை. கடன்காரர்களுக்குத் தவணை கேட்டு எழுதியபோது, அந்த லெட்டர் பேப்பரை எடுக்க அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். சாதாரணக் கோடு போட்ட தாளில் எழுதினார். கடன்காரர்கள் தவணை கொடுத்தார்கள். அச்சடித்த கட்டு முழுவதையும் என்னிடம் தந்துவிட்டார். அதன் பின்புறத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்புறத்தில் இடம் தாராளமாக இருக்கிறது.