கழுவும் சிலுவையும்

கொலைத்தண்டனையைக் குறித்த தமிழ்ச் சொற்களுள் 'கழு' என்பது வசையிலும் வழிபாட்டிலும் ஒருங்கே நிலைபெற்றுவிட்ட விசித்திரமான சொல்லாகும். முனை கூராகச் செதுக்கி நட்டு, குற்றவாளியின் சரீரத்தை ஊடுருவுமாறு ஏற்றிய மரமே கழு. இச்சொல்லுக்குச் சூலம் என்னும் பொருளும் உண்டு. வடமொழியிலும் 'சூலம்' என்பது சிவபெருமானின் ஆயுதத்தையும் இத்தண்டனைக் கருவியையும் ஒருங்கே குறிக்கும். சைவ சமயக் குரவராகிய சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறினர் என்று 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் கூறுவது யாவரும் அறிந்ததே. 7ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அச்சம்பவத்துக்குச் சமகாலச் சாசனம் இல்லாமையால் சரித்திர ஆசிரியர் பலர் ஐயுறுவர். தென்பாண்டி மக்கள் வாயில் 'கழுவேறி' என்பது இன்றும் கடுஞ்சொல்.

கழுவேறிச் சாவதன் இழிவு எத்தகையது என்பதை ஜவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களோடு ஒப்பிட்டால் உணரலாம். ஆநிரை மீட்கும் பூசலில் மாண்ட வீரனை, 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வட்டெழுத்திற் பொறித்து, பேரும் ஊரும் மறையாதவாறு அங்கே கல் நட்டனர். கழுவோ, ஏறியவனுடைய மானமும் பேரும் ஒருங்கே அழியும்பொருட்டு நடப்பட்டது.

உரோமாபுரியாரின் 'குருக்ஸ்' என்னும் சிலுவையும் அந்நோக்கமுடையதே. அதன் வடிவம் ஒரே படித்தாய் இருந்ததில்லை. கைகளைக் குறுக்குமரத்தில் விரித்துக் கட்டுவதோடு, உடலில் கழுவைச் செலுத்துவதும் உண்டென்று முதல் நூற்றாண்டில் செனெக்கா என்னும் தத்துவ ஞானி எழுதியிருக்கிறார். குடியுரிமை பெற்றோர் பெரும்பாலும் இதற்குத் தப்பினர். அடிமைகளுக்கும் கலகக்காரருக்குமே இது விதிக்கப்பட்டது. கி.மு. 71இல் ஸ்பார்த்தகஸின் அடிமைக் கிளர்ச்சியை அடக்கிய உரோமானியத் தளபதி கிராஸஸ், சிறைப்பட்டோருள் ஏறத்தாழ 6000 பேரைக் கப்புவாவிலிருந்து உரோமாபுரி வரையுள்ள இராஜபாட்டை நெடுக அறைந்து நிறுத்தினான்.

'குருக்ஸ்' என்னும் அச்சொல்லே போர்ச்சுகீசியர் வாய்ப்பட்டு 'குரூஸ்' ஆகி, நம் கடற்கரையில் 'குருசு' என்றும் 'குருசடி' என்றும் வழங்கலாயிற்று. 'சிலுவை'யோ வேறு வழி வந்தது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியாகிய சிரியாக்கில் உள்ள 'ஸ்லீவா' என்பதே அதன் மூலம். இவ்விரு சொற்களும் தமிழகம் வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்னரே, 4ஆம் நூற்றாண்டில், கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி சிலுவைத் தண்டனையை ஒழித்ததாகக் கூறுவர். ஆதலின் தமிழர் அவற்றை வழிபாட்டுச் சொற்களாகவே பெற்றனர்.

கழுவுக்கோ, தண்டனைக் கருவி வழிபாட்டுக்கு உரியதாகும் மாற்றம் இந்நாட்டிலேயே நேர்ந்தது. நாட்டார் கதையில், அந்தணப் பெண்ணாகிய ஆரியமாலையை மணந்த குற்றத்துக்காகக் கழுவேறிய காத்தவராயன் தெய்வமானான். அவனுடைய திருவிழாக்களில் கழுமரம் நட்டு ஏறுவதும், யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தில் கழுவேறும் காட்சியைப் பக்தியோடு காண்பதும் வழக்கம். தண்டனையின் பொருளை அரசு விதிக்கலாம். அதன் கருவிக்கு வழங்கும் சொல்லின் பொருளை, இறந்தவனுக்காக இரங்கிய ஜனங்களே நிர்ணயிக்கின்றனர்.