மடைநூலும் மனையடுப்பும்

'மடையன்' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால் மாணவர் சிரிப்பர். அறிவிலி என்ற ஒரு பொருளையே அவர்கள் அறிவர். மடை என்பது சோறு. தெய்வத்துக்குப் படைக்கும் உணவையும் அது குறிக்கும். மடையை ஆக்குபவன் மடையன்; அவன் தொழிலைக் கூறும் நூல் மடைநூல். மடமையில் பிறந்த மடையன் வேறு, மடையில் பிறந்த மடையன் வேறு என்று விளக்கிய பிறகும் சிரிப்பு அடங்குவதில்லை. அடங்காவிட்டாலும் கேடில்லை. சமையலுக்கு ஒரு நூல் உண்டு, அந்நூலுக்கு ஒரு பெயரும் உண்டு என்னும் செய்தி அவர்கள் காதில் விழுந்தால் போதும்.

அந்நூல் எப்போது தோன்றியது? பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு அவ்வள்ளல் அளிக்கும் விருந்தைப் புலவர் நல்லூர் நத்தத்தனார் கூறுகின்றார். அவ்விருந்து எத்தகையது? காண்டவ வனத்தை நெருப்புக்கு ஊட்டிய அருச்சுனனுக்கு முன் பிறந்தவன் இயற்றிய நுட்பமான நூலின் நெறி பிறழாமல் ஆக்கிய பல்வேறு அடிசில் என்கிறார். வீமன் பெயரைச் சொல்லவில்லை; சொல்லாமலே கேட்பவர்க்கு விளங்கும் என்பது புலவர் துணிவு. உரையாசிரியர் அந்நூலை மடைநூல் என்பர். வீமன் உண்மையில் நூல் எழுதினானா என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. புகழ்பெற்ற சமையற்காரன் ஒருவனின் முறைப்படி எங்கள் வீட்டில் சமைத்தோம் என்று சொல்லிக்கொள்வது விருந்துக்குப் பெருமை சேர்க்கும் என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது. இதுவே நாம் கொள்ளவேண்டிய வரலாற்றுச் செய்தி.

வீமனுக்கு அடுத்து நளன். நளபாகம் என்ற சொல் இன்றும் நம் நாவில் வழங்குகிறது. உருமாறி, வாகுகன் என்ற பெயரோடு அயோத்தி மன்னனிடம் தேரோட்டியும் மடைத்தொழில் செய்தும் காலங்கழித்தவன் அவன். அவனைத் தமயந்தி எப்படி அறிந்தாள்? அவன் ஆக்கிய உணவைத் தருவித்துச் சுவைத்து அறிந்தாள். முகம் மாறினும் கைமணம் மாறாது என்பது அக்கதையின் உயிர்நிலை.

வீமனும் நளனும் ஆடவர். அரண்மனை மடைப்பள்ளிக்கு உரியவர். வீட்டு அடுப்படியில் நாள்தோறும் புகையில் கண் கலங்கியவர் பெண்டிர். புகழ் ஓரிடத்திலும் உழைப்பு வேறிடத்திலும் நின்றன. ஆயினும் நம் பழம்புலவர்கள் வீட்டடுப்பை மறந்தாரல்லர். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். கூடலூர் கிழார் பாடியது. முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிதப் புகை கண்ணில் படிய, புளிப்பும் இனிமையும் உடைய குழம்பைத் தானே துழாவிச் சமைக்கிறாள் புதுமனைவி. கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. வந்து பார்த்துச் சென்ற செவிலி இதனை நற்றாய்க்குக் கூறுகிறாள். அங்கே மடைநூலும் இல்லை. வீமன் பெயரும் இல்லை. தாளிதத்தைக் குறிக்கும் 'குய்' என்ற அழகிய ஓரெழுத்து நிகர்த்த சொல் மட்டும் அப்பாட்டால் நமக்கு எஞ்சியது. அதையும் இழந்துவிட்டோம்.

கண்ணகியின் சமையல் இதனினும் உள்ளத்தைத் தொடுவது. பெருங்குடி வணிகன் மகள் மதுரைப் புறஞ்சேரியில் மாதரி தந்த சிறுமனையில் காய் அரிகிறாள். மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சேக்கிறது. மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டித் துணை செய்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய் என்று ஆயர் தந்த பொருள்களை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திச் சொல்வது வெறும் அணிக்காக அன்று. கோவலன் உண்ணும் கடைசி உணவு அதுவே என்பதை அறிந்த புலவர், அதில் ஒரு காயையும் விட்டுவிட மனமின்றி எழுதினார் என்றே எனக்குத் தோன்றும்.

இனி இடைக்காலத்தை விரைந்து கடந்து செல்லலாம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்து அரண்மனைச் சமையலைப் பற்றிய 'சரபேந்திர பாகசாத்திரம்' என்னும் சுவடி சரசுவதி மகாலில் காக்கப்பட்டது. அதன் மொழி மராத்தி. உணவோ அரசர் உணவு. அச்சு இயந்திரம் பரவிய பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழிலும் பாகசாத்திர நூல்கள் வெளிவரலாயின. அவற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆடவரே.

வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயர் தமிழ்ச் சமையலின் பெயராக மாறியது 1951-ஆம் ஆண்டில். அவ்வாண்டு வெளிவந்த நூல் 'சமைத்துப் பார்', எழுதியவர் எசு. மீனாட்சி அம்மாள். 1905-இல் பிறந்தவர்; இளமையிலேயே கணவரை இழந்தவர். கைம்பெண்ணுக்கு அடுப்படியே உலகம் என்று வைத்திருந்த அக்காலத்தில், அந்த அடுப்படியிலிருந்தே அவர் உலகுக்கு வழி கண்டார். உறவினரும் அறிந்தவரும் இது செய்வது எப்படி, அது செய்வது எப்படி என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்ட அவர் மாமா கே. வி. கிருட்டிணசாமி ஐயர், அதையே நூலாக எழுதலாகாதா என்று தூண்டினார். முதற் பாகத்தைத் தொடர்ந்து மேலும் இரு பாகங்கள் வெளிவந்தன. அம்மையார் 1962-இல் மறைந்தார். அதன்பின் ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் அந்நூல் பெயர்க்கப்பட்டது. புகுந்த வீட்டுக்குப் புறப்படும் மணமகளின் பெட்டியில் வைக்கப்படும் நூல் என்ற பெயரை அது பெற்றது. இப்பேறு நம் காலத்துத் தமிழ் நூல்களில் எத்தனைக்குக் கிடைத்தது?

அந்நூலின் சிறப்பு எதில் உளது? முதலில், பெயரில். இலக்கண ஆசிரியர் கண்கொண்டு நோக்குக: 'சமைத்துப் பார்' என்பது ஏவல். படித்துப் பார் என்று அம்மையார் சொல்லவில்லை. இரண்டாவது, அளவில். தாய் மகளுக்குச் சொல்லும்போது 'கொஞ்சம் உப்பு, ஒரு கை பருப்பு' என்பாள். யார் கை? மகள் அருகில் நின்று பார்த்தால் அந்தக் கை விளங்கும். கடல் கடந்து நிற்கும் மகளுக்கு எப்படி விளங்கும்? ஆகவே அம்மையார் வேண்டிய பொருள்களை முதலில் அளவோடு நிறுத்தி, செய்முறையைப் பின்னர் ஒழுங்காகக் கூறினார். அமெரிக்காவில் பாசுடன் நகரத்துச் சமையற் பள்ளியைச் சேர்ந்த பேனி பார்மர் என்னும் அம்மையார் 1896-இல் வெளியிட்ட நூலில், கிண்ணத்தையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கவேண்டும் என்று வற்புறுத்திப் புகழ்பெற்றார். இரண்டு நாட்டிலும் இப்பணியைச் செய்தவர் பெண்களே என்பது கருதத்தக்கது.

அளவு என்பது இடத்தோடு மாறும் பொருள் என்பதை மலாயாத் தமிழர்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எட்டு ஆழாக்கு ஒரு படி. இங்கே நான்கு சுப்பாக்கு ஒரு காந்தாங். அங்கே பலமும் வீசையும். இங்கே கட்டியும் தாயிலும், பதினாறு தாயில் ஒரு கட்டி. இந்தியா 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் மலேசியா 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் கிலோவுக்கு மாறின. இடையில் ஒரு தலைமுறைப் பெண்கள் மூன்று அளவைகளையும் மனக்கணக்கில் வைத்துக்கொண்டு சோறு வடித்தனர். அவர்களைக் கணக்கறியாதவர் என்று சொன்னது யார்?

மாறாத அளவொன்று இயற்கைக்கும் உண்டு. மலைமேல் அதுவும் மாறும்! 1885-இல் வில்லியம் கேமரன் அளக்க வந்து, 1929-இல் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கி, 1931-இல் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்த இம்மலைநாட்டில், லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தானா ராத்தா 1,440 மீட்டர். முந்நூறு மீட்டர் ஏறினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை இறங்கும். எனவே எங்கள் உலையில் நீர் கொதிப்பது நூறு பாகையில் அன்று, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழிலேயே. சென்னைக் கடற்கரையில் குறித்த நேரத்தில் குழையும் துவரம்பருப்பு இங்கே குழையாது. புதிதாகத் தமிழ்நாட்டிலிருந்து மருமகளாக வந்தவர் 'பருப்பு மோசம்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது உண்டு. பருப்பின்மேல் பிழை இல்லை. காற்றழுத்தம் குறைந்தது, அவ்வளவே. இதற்கு மாற்றாக நீராவியை அடைத்து அழுத்தம் கூட்டும் கலத்தைத் தெனிசு பாப்பின் என்பவர் 1679-இலேயே காட்டினார். இந்தியாவில் பிரசர் குக்கர் செய்யும் தொழில் 1959-இல்தான் வேரூன்றியது. 'சமைத்துப் பார்' அதற்கு எட்டாண்டு மூத்தது.

தோசைமாவும் அப்படியே. சமவெளியில் இரவு அரைத்துவைத்தால் காலையில் பொங்கி நிற்கும். இங்கே குளிரில் அது உறங்கிக்கொண்டிருக்கும். தோட்டத்துப் பெண்கள் மாவுப் பானையைக் கம்பளித் துணியில் சுற்றி, அணைந்த அடுப்பின் சாம்பற்சூட்டுக்கு அருகில் வைப்பர். எந்த மடைநூலிலும் இது நான் படித்ததில்லை. விடியுமுன் எழுந்து ஆக்கி, பெரட்டுக்குப் பேர் கொடுத்து, கொழுந்து கிள்ளப் போகும் பெண்ணுக்குப் பொங்காத மாவு ஒரு வேளைப் பட்டினி. தேவையே அவளுக்கு நூலாயிற்று.

இன்றைய நிலைக்கு வருவோம். நூலின் இடத்தைத் திரை பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் பிலிப் ஆர்பென் 1946-இலும், அமெரிக்காவில் சூலியா சைல்டு 1963-இலும் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டத் தொடங்கினர். இந்தியாவில் 1993 முதல் சஞ்சீவ் கபூர் வீடுதோறும் புகுந்தார். தமிழில் தாமோதரனையும் வெங்கடேசு பட்டையும் அறியாத சிறுவர் இல்லை. 2019-இல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி' நிகழ்ச்சியில் அவ்விருவரும் நடுவராக அமர்ந்தபின், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அவர்களைப் போலவே பேசி நடிக்கவும் கற்றுக்கொண்டனர். 2020 மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது குடும்பங்கள் வீட்டுக்குள் அடைபட்டன. அந்நாளில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, தந்தை வெங்காயம் அரிய, மகன் கிளற, தாய் நின்று பார்த்துச் சிரித்த வீடுகளை நான் அறிவேன். வீமனும் நளனும் ஒருவாறு வீட்டடுப்புக்கு வந்து சேர்ந்தார்கள் என்று அப்போது எண்ணி மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சிக்கு இடையே ஒரு கவலையும் எழுந்தது. புகழ்பெற்றோர் முறையைப் பார்த்துச் சமைப்பதில் தவறில்லை. நல்லியக்கோடன் வீட்டில் செய்ததும் அதுதான். ஆனால் அச்சேறியது யாருடைய சமையல்? மீனாட்சி அம்மாள் தம் வீட்டு மரக்கறி உணவைத் தாம் அறிந்தபடி எழுதினார், அது நேர்மை. கருவாட்டுக் குழம்பை அவரிடம் எதிர்பார்த்தல் முறையன்று. திரையில் தோன்றுவோரும் தாம் கற்றதைக் காட்டுகின்றனர். தோட்டத்து லயத்தில் நூறாண்டுக்கு அண்மையாக வளர்ந்த சமையலை எழுத வேண்டியவர் யார்? முட்டைக்கோசும் நீர்க்கீரையும் மலிந்த இம்மலையில், முருங்கையும் கத்தரியும் பழகிய கை எப்படித் தன்னை மாற்றிக்கொண்டது என்பதற்கு ஏடு இல்லை. சப்பானியர் காலத்தில் (1942–1945) அரிசி அற்றுப்போய் மரவள்ளிக்கிழங்கே சோறானபோது அதைப் புட்டாகவும் களியாகவும் அடையாகவும் மாற்றி வயிறு ஆற்றிய முறைகளைக் கண்டவர் அருகிவிட்டனர். தோட்டங்களில் இன்று கொழுந்து கிள்ளுவோருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் மிகுந்துவிட்டனர். தமிழ்க் குடும்பங்கள் பட்டணம் நோக்கி இறங்குகின்றன. அந்த அம்மிக் கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்குவார் இல்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் செய்முறைக் கட்டுரை கற்பிக்க 'பட்டம் செய்தல்' என்ற தலைப்பையே காட்டினார்கள். நான் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு வேறு தலைப்புக் கொடுக்கிறேன்: வீட்டில் மூத்த பெண்மணி ஒருவரோடு அடுப்படியில் நின்று, அவர் செய்வதைப் பார்த்து எழுதுக, கூடவே நீயும் செய்க. இதனால் மொழிக்கு வரும் ஊதியம் பெரிது. எல்லாவற்றையும் 'பொரித்தார்' என்றும் 'போட்டார்' என்றும் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள், வறுத்தல், வதக்குதல், வாட்டுதல், அவித்தல், தாளித்தல், கிளறுதல், கடைதல், இறுத்தல் என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வினை உண்டு என்பதைக் கையால் உணர்கின்றனர். 'பொரி'க்கும் 'பொறி'க்கும் உள்ள வேறுபாட்டை எண்ணெய்ச் சட்டிக்கு முன் கற்றவன் பிறகு மறப்பதில்லை.

அக்கட்டுரைகளில் ஓரிடத்தில் மட்டும் எல்லாப் பிள்ளைகளும் இடர்ப்படுகின்றனர், அளவில்தான். 'பாட்டி சொல்லவில்லை' என்று எழுதிவருவர். மீண்டும் கேட்டுவா என்று அனுப்பினால், 'ஒரு பால் டின்' என்ற விடை வரும். கெட்டிப்பால் வந்த தகர டின்னே பல லயத்து வீடுகளில் அரிசி அளக்கும் படி. ஆழாக்கு, சுப்பாக்கு, காந்தாங், கிலோ எல்லாம் வந்து மாறியபோதும் மாறாதிருந்த அளவை அது. வீடுதோறும் உள்ள டின்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தலைதட்டி அளந்த அரிசி எத்தனை கிராம் என்று பள்ளித் தராசில் நிறுத்துக் குறிக்கும் வேலையை இத்தவணைக்கு வைத்திருக்கிறோம்.