சீட்டுக் குலுக்கி எடுத்த குழந்தைகள்

17-ஆம் நூற்றாண்டுப் பாரீசில், தெருவில் விடப்பட்ட சிசுக்களை ‘லா கூஷ்’ இல்லத்தில் சேர்ப்பார்கள். அங்கே பிழைத்தவர்கள் அரிது. அழுகையை அடக்க மயக்க மருந்து கொடுத்தார்களாம்!

1638-இல் புனித வின்சென்ட் தே பவுல் கேட்டுக்கொள்ள, புனித லூயிஸ் தே மரிலாக்கின் அருள்சகோதரிகள் 12 பேரை ஏற்றார்கள். அனைவரையும் ஏற்க வசதியில்லை. சீட்டுக் குலுக்கியே எடுத்தார்கள். மீதிப் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பாலுக்கு என்ன வழி? ஆட்டுப்பாலும் கொடுத்துப் பார்த்தார்கள். கிராமத்துப் பாலூட்டும் தாய்மாரிடம் கூலி கொடுத்தும் விட்டார்கள். விட்டதோடு நிற்கவில்லை; பிள்ளை தேறுகிறதா என்று சகோதரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள்.

1640-இல் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றார்கள். 1647-இல் பிசேத்ர் கோட்டைக்கு மாற்றியபோது, அந்த இடம் குழந்தைகளுக்கு ஒவ்வாது என்று லூயிஸ் அம்மையார் மறுத்துச் சொன்னார். கேட்கவில்லை. சிசுக்கள் பலரைப் பறிகொடுத்த பிறகே பாரீசுக்குத் திரும்பினார்கள்.