விஞ்ஞானக் கொள்கையும் மக்கட் கருத்தும்

நாடு விடுதலை பெற்ற பதினோராம் ஆண்டில், 1958 மார்ச் 4-ஆம் நாளன்று, இந்திய அரசாங்கம் தனது விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த சில நாட்களில் பிரதமர் நேரு அதனைப் பார்லிமெண்டின் முன் வைத்தார். அளவில் மிகச் சிறிய ஏடு அது. விஞ்ஞானத்தை வளர்ப்பதும், விஞ்ஞானிகளுக்கு மதிப்புடைய பணிநிலை அளிப்பதும், அவ்வறிவின் பயன் மக்களுக்குக் கிட்டச் செய்வதும் அரசின் கடன் என்று அது சாற்றியது. அதன் ஆக்கத்தில் ஹோமி பாபாவுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும், அறிஞர் சிலரும் அரசினரும் கூடி இயற்றிய தீர்மானமேயன்றி, ஊர்தோறும் கேட்டு எழுதியதன்று அது. அக்காலத்து வழக்கம் அவ்வாறு இருந்தது.

கேட்டு எழுதும் வழக்கம் பள்ளிக்கூடத்தின் வழியே வந்தது என்பதே எம் கருத்து. 1964-இல் டாக்டர் டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் கல்விக் கமிஷன் அமைந்தது. கோத்தாரி பௌதிகப் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் ரதர்போர்டிடம் பயின்றவர். கமிஷனார் ஏறத்தாழ நூறு நாட்கள் மாநிலந்தோறும் சுற்றினர். பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் பள்ளிகளையும் நேரிற் கண்டனர். 9,000-க்கு மேற்பட்டோரிடம் உரையாடினர். 2,400-க்கு மேற்பட்ட குறிப்புரைகளைப் பெற்றனர். தொலைபேசியே அரிதாயிருந்த நாளில் இது சிறு செயலன்று. 1966 ஜூன் 29-இல் அளிக்கப்பட்ட அறிக்கை, பள்ளியின் முதற் பத்தாண்டுகளில் விஞ்ஞானமும் கணிதமும் எல்லா மாணவர்க்கும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் என்றது. உயர்கல்வியையும் அவ்வப் பிரதேச மொழியிலேயே புகட்ட வேண்டும் என்றும் கூறியது. முன்னது பெரும்பாலும் நடந்தது. பின்னது நடந்த அளவை, நம் இல்லத்துப் பிள்ளைகளின் புத்தகப் பையைத் திறந்தாலே காணலாம்.

1983 ஜனவரியில் திருப்பதியில் கூடிய விஞ்ஞான மாநாட்டில் தொழில்நுட்பக் கொள்கை வெளியாயிற்று. அதனை விரித்துரைக்க ஈண்டு இடமில்லை.

மக்களை நேரே கேட்டதில் நம் நினைவில் நிற்பது கத்தரிக்காய் வழக்கே. காய்ப்புழுவை எதிர்க்குமாறு மண்ணில் வாழும் நுண்ணுயிரின் மரபணுவைப் புகுத்திய கத்தரிக்கு, 2009 அக்டோபரில் வல்லுநர் குழு இசைவு தந்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அவ்வளவில் முடிவு செய்யாமல், 2010 ஜனவரி, பிப்ரவரித் திங்களில் கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் பொதுக்கூட்டங்கள் நடத்தினார். சுமார் 8,000 பேர் வந்தனர். உழவரும் வந்தனர், விஞ்ஞானிகளும் வந்தனர், கூச்சலுக்கும் குறைவில்லை. பிப்ரவரி 9-இல் அக்கத்தரி நிறுத்தி வைக்கப்பட்டது. அம்முடிவு சரியா என்பதில் எம் சங்கத்தினுள்ளேயே இரு கட்சி உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்துப் பொருளைப் பற்றி உழவன் எழுந்து நின்று வினவியதும், அமைச்சர் அமர்ந்து கேட்டதும் புதுமையே.

2019-இல் தேசியக் கல்விக் கொள்கையின் வரைவு கருத்துரைக்காக வெளியிடப்பட்டது. ஆங்கிலத்தில் 484 பக்கங்கள். நம் சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடிந்தபின், இளைஞர் ஒருவர் விஞ்ஞானக் கல்வி பற்றிய பகுதிகளைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல, முதியோரும் தாய்மாரும் கேட்டனர். ஜூன் 30 என்றிருந்த கெடு ஜூலை 31 வரை நீண்டதால், விட்ட பக்கங்களையும் படிக்க முடிந்தது. “செய்முறைக் கூடம் இல்லாத பள்ளிக்கு இத்தனை பக்கம் எதற்கு?” என்று அம்மையார் ஒருவர் கேட்டதை அப்படியே எழுதி அனுப்பினோம். நாடெங்கிலுமிருந்து சென்ற இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துக்களில் அதுவும் ஒன்று.

அடுத்த விஞ்ஞானக் கொள்கையின் வரைவு 2020 டிசம்பர் 31-இல் வெளிவந்தது. கருத்துரைக்க முதலில் தரப்பட்ட கெடு ஜனவரி 25. கொள்ளை நோய்க் காலமாதலின் நம் கூடம் பூட்டியிருந்தது. படித்துச் சொல்வாரும் இல்லை, கூடிக் கேட்பாரும் இல்லை. நாம் அறிந்தவரை நம் சங்கத்தாருள் எழுதி அனுப்பியவர் இருவரே. இருவரும் ஆங்கிலத்தில் எழுதினர்.